ஊராட்சி குப்பைக் கூடம்: எது நின்றால் எதைப் பார்ப்பது

காலை ஏழு மணிக்கு முன்னால் என் போன் அடித்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். "சார், தொட்டி நாறுது, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க." "மிஷின் ஓடுது, தட்டு இறங்கல." "லோடு எடுக்க வந்த வண்டி எடுக்காமலே போயிடுச்சு."

நான் பார்த்துக்கொள்வது ஒன்றியத்தில் உள்ள சில கூடங்களை. சுற்றுப்பட்டு ஊராட்சிகளின் குப்பை வந்து இறங்கி, பிரிந்து, லாரி ஏறிப் போகும் இடங்கள் அவை. தகரக் கூரை, சிமென்ட் தரை, ஐந்தாறு உரத் தொட்டிகள், அட்டையையும் பாட்டிலையும் தட்டால் அழுத்திக் கட்டாக (பேலாக) ஆக்கும் ஒரு பேலிங் மிஷின், ஒரு தராசு, இரண்டு பேட்டரி வண்டி, ஏழெட்டுத் தூய்மைக் காவலர்கள். உங்கள் கூடமும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

உங்கள் கோளாறுக்கான தலைப்பைத் தேடி, மேலிருந்து கீழாக வாருங்கள். காசில்லாத காரணம் முதலில், பணம் தின்னும் காரணம் கடைசியில். நடுவில் தாவாதீர்கள். நான் ஒருமுறை தாவினேன். மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த மெக்கானிக்கை வரவழைத்தேன். வந்தவர் பேனலில் யாரோ அமுக்கி வைத்திருந்த சிவப்புக் குமிழைத் திருகி வெளியே எடுத்தார். மோட்டார் ஓடியது. வண்டிச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு சிரிக்காமல் போனார், அது அவருடைய பெருந்தன்மை.

## படித்துக்கொண்டிருக்க நேரமில்லாத இரண்டு

புகை வாசனை வருகிறது. எங்கிருந்து என்று குவியலைக் கிளறாதீர்கள். கிளறினால் காற்றுப் புகுந்து கனல் தீயாகும். ஆட்கள் வெளியே, மெயின் ஸ்விட்ச் அணை, 101க்குப் போன். வரிசை இதுதான். தீ கண்ணெதிரே கையகலத்தில் இருந்து, வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் மட்டும் மணல் வாளியை எடுக்கலாம்.

அடங்கிய பிறகு காரணம் தேடுங்கள். நான் பார்த்தவரை அடுப்புச் சாம்பல்தான் முதல் குற்றவாளி. அடுத்தது பழைய செல்போன் பேட்டரியும் பவர் பேங்கும். பேலிங் தட்டுக்கு அடியில் நசுங்கினால் அவை பற்றிக்கொள்ளும். உப்பிய பேட்டரி கிடைத்தால் காய்ந்த மணல் நிரப்பிய தகர டின்னில் போட்டு, கூரைக்கு வெளியே வையுங்கள். மூன்றாவது, தீபாவளி. மறுநாள் காலையில் சரவெடிக் காகிதத்தை வாரி மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். மேலே கை வைத்தால் ஜில்லென்று இருக்கும், உள்ளே கனல் கிடக்கும். அன்றைக்கு மட்டும் எந்த வண்டியும் நேராகக் கூடத்துக்குள் வரக்கூடாது. வாசலிலேயே கொட்டி, வெடிக்காததைப் பொறுக்கித் தண்ணீர் டிரம்மில் போட்டு, மீதியை நனைத்து, மறுநாள்தான் உள்ளே.

கையில் ஊசி குத்திவிட்டது. பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, வேலையை அப்படியே விட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்; இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் இன்னும் நல்லது. மஞ்சள் காமாலை பி-வகைத் தடுப்பூசியையும் டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். "சாயங்காலம் வேலை முடிஞ்சு போறேன் சார்" என்று அக்காமார்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள், வண்டியில் ஏற்றுங்கள்.

ஊசி எங்கிருந்து வந்தது? ஒன்றிரண்டு என்றால் ஏதோ ஒரு வீட்டின் இன்சுலின் ஊசி. அந்தத் தெருவில் விசாரித்து, மூடி இறுகும் கெட்டியான பழைய டப்பா ஒன்றைக் கொடுத்து அதில் சேர்க்கச் சொல்லுங்கள். ஊசி, சலைன் குழாய், மருந்துக் குப்பி எல்லாம் ஒரே மூட்டையில் வந்தால் அது ஆஸ்பத்திரிக் கழிவு. அது நம் கூடத்துக்கு வரவே கூடாத சரக்கு. தொடாமல் போட்டோ எடுத்து ஊராட்சி செயலருக்கும், அவர் வழியாக மாவட்ட மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள்.

## உரத் தொட்டி நாறுகிறது

முதலில் மூக்கால் பிரித்துக்கொள்ளுங்கள். நாற்றம் ஒன்றல்ல.

### சாக்கடை அல்லது அழுகிய முட்டை நாற்றம்

ஈரம் கூடிப்போய் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். பத்துப் புகாரில் ஏழெட்டு இதுதான்.

சோதனை: கையுறை போட்டுக்கொண்டு, தொட்டியின் ஓரத்தில் அல்லாமல் நடுவில், முழங்கை ஆழத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரியான பதம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்து கிடக்கிறது. ஈரம் பார்க்கும் கருவி ஒன்று விற்கிறார்கள், நான் வாங்கியதில்லை.

ஒழுகினால் இந்த வரிசையில் பாருங்கள்.

சருகு போடுகிறீர்களா? ஈரக் குப்பைக்குக் கூடைக்குக் கூடை சருகோ வைக்கோலோ தென்னை நார்க்கழிவோ போட வேண்டும். "சருகு இல்லை சார்" என்பார்கள். ஐப்பசியில் தேடினால் இருக்காதுதான். மாசி, பங்குனியில் ஊரே சருகைக் கூட்டித் தெருவோரம் கொளுத்துகிறதே, அதுதான் இந்த நாற்றத்துக்கு மருந்து. அப்போதே சாக்கில் திணித்துக் கூடத்தின் ஒரு மூலையில் அடுக்கிவிட வேண்டும். எங்கள் கூடம் ஒன்றில் ஒரு அக்கா பள்ளிக்கூட வேப்பமரத்துச் சருகை நாற்பது சாக்கு சேர்த்து வைத்திருந்தார். அந்த மழைக்காலத்தில் எனக்குப் போன் வராத ஒரே கூடம் அது.

கிளறுகிறீர்களா? வாரம் ஒருமுறையாவது கீழே இருப்பது மேலே வர வேண்டும். மேல்தோலை மட்டும் மண்வெட்டியால் தட்டிவிட்டு "கிளறியாச்சு" என்று ரெஜிஸ்டரில் எழுதுவது கிளறல் ஆகாது.

தொட்டிச் சுவரின் காற்றுத் துளைகள் திறந்திருக்கின்றனவா? உள்பக்கமாகப் பால் கவர் ஒட்டி அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிடுங்கள். அடியில் நீர் வடியும் குழாயையும் அப்படியே.

கூரை ஒழுகுகிறதா? மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள். வெயிலில் பார்த்தால் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நாறினால், தொட்டி போதவில்லை. கணக்கு எளிது: ஒரு தொட்டி நிரம்ப எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்து, தொட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 45க்குக் கீழே வந்தால், மட்கி முடியும் முன்பே அடுத்த குப்பை இடம் கேட்கிறது என்று பொருள். ஆறு தொட்டி, ஐந்து நாளுக்கு ஒன்று நிரம்பினால் 30 நாள்தான், போதாது. அப்போதுதான் ஒன்றியப் பொறியாளரைக் கூப்பிட்டுப் புதுத் தொட்டி கேட்க வேண்டும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகர்கிறது.

### மூக்கில் சுரீரென்று ஏறும் நெடி

மாட்டுத் தொழுவத்து மூத்திர வாசம் போல இருக்கும். கோழி எரு, மீந்த சோறு, காய்கறி மட்டும் குவிந்து சருகு இல்லாத தொட்டி. சருகையோ மரத்தூளையோ கலந்து ஒருமுறை புரட்டினால் இரண்டு நாளில் அடங்கும்.

### பிணவாடை

கோழிக்கடை, மீன்கடைக் கழிவு உள்ளே போயிருக்கிறது. எடுத்துத் தனியாக ஆழக் குழியில் புதைத்து, சுண்ணாம்பு தூவி மண்ணை மூடுங்கள். அடுத்த நாள் அந்தக் கடை வாளியை வண்டியில் ஏற்றாதீர்கள். ஏற்றாதே என்று தூய்மைக் காவலரிடம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை. கடைக்காரரிடம் பேச வேண்டியது ஊராட்சி செயலர்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

தொட்டியிலிருந்து கறுப்பாக வழியும் நீர் பக்கத்துக் கிணற்றையோ போர்வெல்லையோ நோக்கிப் போனால் வீட்டு வைத்தியம் வேண்டாம். வடிநீரைக் குழி வெட்டித் தடுத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம்.

## நாற்றமில்லை, ஆனால் மட்கவும் இல்லை

கடப்பாரையைத் தொட்டியின் நடுவில் குத்திப் பத்து நிமிடம் விடுங்கள். உருவும்போது பிடிக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, பொறுமையாக இருங்கள். ஜில்லென்று வந்தால்:

பிழிந்து பாருங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். குவியல் மூன்று அடிக்குக் குறைவாக இருந்தால் சூடு தங்காது, அரைகுறையாக நிரம்பிய இரண்டு தொட்டிகளை ஒன்றாக்குங்கள். முழுத் தேங்காய் மட்டை, வாழைத்தண்டு கிடந்தால் வெட்டிப் போடுங்கள். தேங்காய்ச் சிரட்டையை எடுத்தே விடுங்கள், அது இந்த ஜென்மத்தில் மட்காது, விலைக்குத்தான் போகும். இதற்கும் அசையாவிட்டால் சாணிக் கரைசல், அதில் ஒரு செம்பு புளித்த மோர். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிக்குப் பணம் கொடுப்பது கடைசிப்படி. நான் அந்தப் படிவரை போனது ஒரே தடவை.

இதற்கு இன்னொரு முகம் உண்டு. உரம் வாங்கிப் போன விவசாயி வந்து, "உங்க உரம் போட்ட இடமெல்லாம் தக்காளி முளைக்குதே" என்பார். தொட்டி 55 டிகிரியைத் தாண்டி மூன்று நாளாவது நிற்கவில்லை, விதை சாகவில்லை. அல்லது சுற்றியுள்ள ஓரக் குப்பை நடுவுக்கு வரவேயில்லை. இரண்டுக்கும் பதில் கிளறுவதுதான்.

## மண்புழு சாகிறது, அல்லது தொட்டியை விட்டு ஏறி வெளியே வருகிறது

பச்சைக் குப்பையை நேராகப் புழுத் தொட்டியில் கொட்டினீர்களா? அது சூடேறும், புழு வெந்துவிடும். இரண்டு மூன்று வாரம் வெளியே பாதி மட்கவைத்துச் சூடு தணிந்த பின்தான் உள்ளே போட வேண்டும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு கூடத் தெரியக்கூடாது.

அடுத்து, சாம்பார், ஊறுகாய், எலுமிச்சைத் தோல். உப்பும் புளிப்பும் புழுவுக்கு ஆகாது. அடுத்து எறும்பு: தொட்டியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், எறும்பு மருந்து தூவினால் எறும்போடு புழுவும் போய்விடும். சித்திரை வெயிலில் மேலே ஈரச் சாக்கு. எல்லாம் செய்தும் செத்தால் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், புதுப் புழுவும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

## கலந்த குப்பையாகவே வருகிறது

இது கூடத்தில் தெரியும், ஆனால் உண்டானது தெருவில். கூடத்தில் நின்று கத்திப் பயனில்லை. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பதுபோல, ஒரு பயன்படுத்திய டயப்பர் போதும், ஒரு மூட்டை அட்டையும் வீண். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கத்தான் சொல்லின. ஆனால் விதியை வாசித்துக் காட்டி யாரும் திருந்தி நான் பார்த்ததில்லை.

சோதனை இது ஒன்றுதான்: ஒரு நாள் காலை வண்டியின் பின்னால் முழு ரவுண்டும் நடந்து போங்கள். சைக்கிள்கூட வேண்டாம், நடை.

நான் முதல்முறை அப்படிப் போனபோது, எட்டாவது வீட்டில் ஒரு அம்மா பச்சை வாளி, நீல வாளி இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார். வண்டியில் நடுப்பலகை உடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டு வாளியும் ஒரே குழியில் விழுந்தன. அந்த அம்மா என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். மறுநாள் ஒரே வாளிதான் வந்தது. இருநூறு ரூபாய்ப் பலகை ஒன்று, ஒரு தெருவின் பழக்கத்தையே கெடுத்திருந்தது.

ஆக, முதலில் வண்டியின் தடுப்புப் பலகை. அடுத்து நேரம்: வண்டி ஏழு மணிக்கு வரும் என்று சொல்லி ஒன்பதுக்கு வந்தால், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி வாசலில் தொங்கவிட்டுத்தான் போவார்கள். அடுத்து, நாப்கினும் டயப்பரும். செய்தித்தாளில் சுற்றி, மேலே பேனாவால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகத் தரச் சொல்லுங்கள். வண்டியில் அதற்கென்று ஒரு மூடி போட்ட வாளி மாட்டுங்கள். வாளி மாட்டாமல் கேட்டால் எங்கே போடுவார்கள்?

அப்புறம் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் ஒரு மண்டபம் ஒரு வாரத்துக் குப்பையை ஒரே நாளில் அனுப்பும். முகூர்த்த நாள்களைக் காலண்டரில் பார்த்து, முதல் நாளே இரண்டு டிரம்மை மண்டபத்தில் வைத்துவிட்டு வாருங்கள்: ஒன்று இலைக்கு, ஒன்று தண்ணீர் பாட்டிலுக்கு. வாழை இலை மட்டும் தனியாக வந்தால் அதைவிட நல்ல உரச் சரக்கு இல்லை.

எல்லாம் செய்தும் ஒரே தெரு மட்டும் அடம்பிடித்தால், அது நம் கையில் இல்லை. கிராமசபைக்கோ தலைவருக்கோ விட்டுவிடுங்கள். தூய்மைக் காவலரை வீட்டுக்காரரோடு சண்டை போட அனுப்பாதீர்கள். அவர் அதே தெருவில் நாளைக்கும் போக வேண்டும்.

## வியாபாரி எடுக்க மறுக்கிறார், அல்லது விலையை அடிக்கிறார்

### அட்டை திரும்பி வந்தது

ஈரம். அட்டையை நடுவில் மடித்துப் பாருங்கள்: காய்ந்தது "சடக்" என்று ஒடியும், ஈரமானது துணிபோல மடங்கும். தரையில் நேராக அடுக்காதீர்கள். கீழே செங்கல் வைத்துப் பலகை போடுங்கள், சுவரை ஒட்டவும் வேண்டாம். எண்ணெய் பட்ட பிரியாணி டப்பா அட்டை ஆகாது, அதைத் துண்டாக்கி உரத் தொட்டியில் போடுங்கள்.

### பாட்டில் மூட்டைக்கு விலை குறைத்துவிட்டார்

மூடியைத் திறந்து தண்ணீரைக் கொட்டினீர்களா? மிச்சத் தண்ணீரை எடையில் கழிப்பதாகச் சொல்லி வியாபாரி கழிக்கும் அளவு, உண்மையான தண்ணீரை விட எப்போதும் கூடுதல். பிறகு பி.வி.சி. (பைப் செய்கிற பிளாஸ்டிக்) கலந்திருக்கிறதா பாருங்கள். பாட்டிலின் அடியில் நடுவில் புள்ளி போல ஒரு தடம் இருந்தால் அது பெட் (PET), சாதாரணத் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக். குறுக்கே கோடு ஓடினால் பி.வி.சி.யாக இருக்கலாம். மடித்தால் மடிப்பில் வெள்ளைத் தழும்பு விழுந்தாலும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் தனியே போடுங்கள். கொளுத்தி, புகை நிறம் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள், அந்தப் புகை நஞ்சு.

மூடியையும் குடத்துண்டையும் பால் கவரையும் பிரிக்கத் தெரியவில்லை என்றால் ஒரு வாளித் தண்ணீர் போதும். பால் கவர், மூடி, குடம் மிதக்கும். பெட்டும் பி.வி.சி.யும் மூழ்கும்.

### பிஸ்கட் கவர், சிப்ஸ் கவரை யாரும் சீந்தவில்லை

சீந்த மாட்டார்கள். கசக்கி விட்டால் மறுபடி விரிந்துகொள்ளும் அந்த வெள்ளிக் கவர் பல அடுக்குப் பிளாஸ்டிக். காயலான் கடைக்கு அது குப்பைதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகள் சிலவற்றுக்குத் தடை வந்தது. இந்தக் கவர் மட்டும் பெட்டிக்கடைச் சரத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போடுவதுதான் பொதுவான வழி. அரியலூர்ப் பக்கம் ஆலைகள் இருப்பது டெல்டாக்காரர்களுக்கு வசதி. கூடத்தில் சேர்த்து, பேல் போட்டு, ஒன்றிய அலுவலகம் வழியாக அனுப்ப வேண்டும். தனியாக ஒரு ஊராட்சி அனுப்பினால் லாரி வாடகை கட்டாது. பக்கத்து நான்கைந்து ஊராட்சிகளோடு சேருங்கள்.

மெல்லிய பைகளைத் தார்ச்சாலைக்கும் கேட்பார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கொண்டுவந்த முறை அது. துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவிப் பூச்சாக்குவார்கள். அதற்கும் சரி, சூளைக்கும் சரி, பி.வி.சி. கலந்தால் சரக்கு திரும்பி வரும். பைப் துண்டு, பேனர் ஷீட், செருப்பு, இந்த மூன்றையும் முதலிலேயே பொறுக்கிவிடுங்கள்.

### காரணமே சொல்லாமல் விலை குறைந்தது

ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டும் முன், அதே நாளில் வேறு இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். மூவரும் ஒன்றையே சொன்னால் சந்தை இறங்கியிருக்கிறது. இடம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மழைக்காலத்தில் அட்டையைப் பிடித்து வைத்து லாபம் பார்த்தவர்களை நான் பார்த்ததில்லை.

## பேலிங் மிஷின் மக்கர் பண்ணுகிறது

முதலில் ஒன்று: தட்டுக்குக் கீழ் கை விடும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அணைத்தவரே அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். பேனலைத் திறப்பது வயர்மேன் வேலை. நீங்களும் நானும் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

### சத்தமே இல்லை

சிவப்பு அவசர நிறுத்தக் குமிழ் அமுங்கியிருக்கிறதா? திருகி வெளியே எடுங்கள். (என் நாற்பது கிலோமீட்டர்.) கதவு முழுசாக மூடி, கதவு ஸ்விட்சைத் தொடுகிறதா? ஒரு அட்டைத் துண்டு இடுக்கில் சிக்கினாலும் தொடாது. அந்த ஸ்விட்சைக் கம்பி வைத்துக் கட்டி ஏமாற்றி ஓட்டும் கூடங்கள் உண்டு. அங்கே தட்டுக்கடியில் கை போனாலும் மிஷின் நிற்காது. கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். அடுத்து, பேனலில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று விளக்கும் எரிகின்றனவா? மூன்றும் இல்லை என்றால் கரண்டே இல்லை. மூன்றும் எரிந்தும் அசையவில்லை என்றால் வயர்மேன்.

### மோட்டார் "ம்ம்ம்" என்று முனகுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். ஒரு பேஸ் வரவில்லை. பத்து எண்ணும் நேரம் விட்டாலும் காயில் கருகலாம், அப்புறம் ரீவைண்டிங்தான். மூன்று விளக்கில் ஒன்று எரியாது அல்லது மங்கும். பக்கத்து வயல் மோட்டாரும் ஓடவில்லை என்றால் கோளாறு லைனில் இருக்கிறது, மின்வாரியத்துக்குப் போன் செய்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். நமக்கு மட்டும் என்றால் பியூஸ் அல்லது கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய ஸ்விட்ச்), வயர்மேன்.

### மோட்டார் ஓடுகிறது, தட்டு இறங்கவில்லை

நேற்று லைனில் வேலை நடந்ததா, டிரான்ஸ்பார்மர் மாற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். பேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், பம்பு எண்ணெயைத் தள்ளாது. மோட்டார் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். ஒரு நொடி போட்டு அணைத்து, விசிறி எந்தப் பக்கம் சுற்றி நிற்கிறது என்று பாருங்கள். அம்புக்கு எதிராக இருந்தால் இனி ஓட்டாதீர்கள், பம்பின் சீல் கிழியும். வயர்மேன் இரண்டு வயரை இடம் மாற்றினால் போதும்.

திசை சரியா? எண்ணெய் அளவு காட்டும் கண்ணாடியைப் பாருங்கள். குறைந்திருந்தால் மிஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அதே ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றுங்கள், டிராக்டருக்கு வாங்கிய மிச்சத்தை ஊற்ற வேண்டாம். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, முழுவதும் மாற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தும் பம்பு விசில் அடிப்பதுபோல் கிறீச்சிட்டால் உறிஞ்சும் பக்கத்து பில்டர் அடைத்திருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆள் இருந்தால் செய்யலாம்.

இதற்கும் மேல் பிரஷர் வால்வு, பம்பு, சிலிண்டர். அங்கே கை வைக்காதீர்கள். பிரஷர் வால்வை அரைத் திருகு திருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அழுத்தம் அளவு மீறினால் ஹோஸ் வெடிக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

### தட்டு இறங்குகிறது, ஆனால் இறுக்கமில்லை

தட்டு அழுத்தி நிற்கும்போது மோட்டாரை அணைத்து, தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து நிமிடத்தில் கோடு நகர்ந்திருந்தால் சிலிண்டர் சீல் அல்லது வால்வு, மெக்கானிக். நகரவில்லை என்றால் மிஷினில் கோளாறில்லை, சரக்கில்தான்: ஒரே தடவையில் அதிகமாகத் திணித்திருப்பீர்கள். மூன்று நான்கு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் அழுத்துங்கள்.

எண்ணெய் ஒழுகினால் ஓடும்போது விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசி போல் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள், அட்டையில் கறை படும் இடம்தான் ஓட்டை.

### கட்டிய பேல் பிரிந்து விடுகிறது

பெட் பாட்டில் என்றால் மூடி. மூடியோடு அழுத்திய பாட்டிலுக்குள் காற்று நிற்கும், கதவைத் திறந்ததும் பேல் உப்பிக் கம்பியை அறுக்கும். மூடியைக் கழற்றுவது சலிப்பான வேலைதான், வேறு வழி இல்லை.

## பேட்டரி வண்டி பாதி ரவுண்டிலேயே நின்றுவிடுகிறது

டயரில் காற்று. அதன்பின் பிரேக்: சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள், தானாகச் சுற்றாமல் உடனே நின்றால் பிரேக் உரசுகிறது. அதன்பின் பாரம், தென்னை மட்டையை மலைபோல் ஏற்றிவிட்டு வண்டியைக் குறை சொல்லக்கூடாது. அதன்பின் முந்தின ராத்திரி கரண்ட் எத்தனை மணி நேரம் இருந்தது, சார்ஜர் விளக்கு பச்சைக்கு வந்ததா என்று காவலாளியைக் கேளுங்கள்.

இனி பேட்டரி. நம் வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் ஆசிட் பேட்டரி நான்கு இருக்கும். முனையில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துலக்கி வாசலின் தடவுங்கள். மூடியைத் திறந்து தண்ணீர் அளவு பாருங்கள். தட்டு வெளியே தெரிந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றிக் கெடுத்த பேட்டரிகளைக் கணக்கெடுத்தால் ஒரு புது வண்டியே வாங்கியிருக்கலாம். பிறகு ஒருவர் வண்டியை ஓட்ட, இன்னொருவர் மல்டிமீட்டரால் ஒவ்வொரு பேட்டரியாகப் பாருங்கள். பாரம் ஏறும்போது மூன்று 12ஐ ஒட்டி நின்று, ஒன்று மட்டும் பத்தரைக்குக் கீழே விழுந்தால் குற்றவாளி அதுதான். மற்ற மூன்றும் புதுசாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். எல்லாம் இரண்டு மூன்று வருடப் பழசு என்றால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், பழசு மூன்றும் புதுசை இழுத்துச் சாகடிக்கும். பேட்டரியில் கோளாறே இல்லாமல் வண்டி வெட்டி வெட்டிப் போனால், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர். அது கம்பெனி ஆள் வேலை.

## கூடத்துக்குள் கொசு

டயர், சிரட்டை, மூடி இல்லாத டிரம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும், அதுவும் ஒரு மூடியளவு போதும். டயரை வந்த அன்றே கூரைக்குக் கீழ் கொண்டுபோங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்தால் புகை மருந்து அடிக்கும் வேலை குறையும். காவலர்களில் இரண்டு பேருக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

## நம் எடையும் வியாபாரி எடையும் ஒத்துப்போகவில்லை

தராசு சமதளத்தில் நிற்கிறதா? நான்கு காலும் தரையைத் தொட வேண்டும். ஒரு காலுக்கடியில் பாட்டில் மூடி கிடந்ததைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு லோடு ஆனது. காற்றடிக்கும் வாசலில் வைக்காதீர்கள். காலிச் சாக்கின் எடையைக் கழித்தீர்களா? நனைந்த சணல் சாக்கு காய்ந்ததைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேலும் நிற்கும்.

பிறகு, தெரிந்த எடையை ஏற்றிப் பாருங்கள். பிரிக்காத 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றை நடுவிலும், நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை மாறினால் அடியில் எடையை உணரும் லோட்செல் போய்விட்டது, தராசுக் கடைக்காரர். எல்லா இடத்திலும் 50ஐ ஒட்டிய ஒரே எண் காட்டினால் நம் தராசில் பிழையில்லை. அப்படியானால் அதே மூட்டையை வியாபாரியின் வண்டியில் ஏற்றி, அவர் தராசிலும் ஒருமுறை வைக்கச் சொல்லுங்கள். சண்டை தேவையில்லை, பார்த்துக்கொண்டு நின்றால் போதும். முத்திரை காலாவதியாகியிருக்கிறதா என்பதையும் இரண்டு தராசிலும் பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும், அதைப் போடுவது தொழிலாளர் துறை ஆய்வாளர். நம் தராசின் முத்திரை முடிந்திருந்தால் அவர் தராசைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை, முதலில் நம்முடையதைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள்.